அந்த அழுகை மட்டும் சரியில்லை

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். பிறகு யாராவது கேட்டு நான் திருதிருவென்று முழிக்க வேண்டாம்.

திருச்சூரில் ஒரு தியேட்டர் வாசல். வெள்ளிக்கிழமை, முதல் காட்சி விட்ட நேரம். படம் பார்த்து வெளியே வருகிறவர்களின் வாய்க்கு நேரே மைக்கை நீட்டும் கூட்டம் எப்போதும்போல நின்றிருந்தது. கோடு போட்ட சட்டைக்காரர் ஒருவரைப் பிடித்து ஒரு பெண் ஏதோ கேட்டாள். "படம் நல்லா இருக்கு. அந்த அழுகை மட்டும் சரியில்ல" என்றார் அவர். பின்னால் யாரோ சிரித்தார்கள். அவர் குடையை விரித்துக்கொண்டு போய்விட்டார். நான் எதிரே சாயாக்கடையில் பழம்பொரி தின்றுகொண்டிருந்தேன்.

எனக்குக் கிடைத்தது இவ்வளவுதான். மீதி எல்லாம் நான் செய்தது. அவருக்கு டேவிஸ் என்று பெயர் வைத்தது நான். ஒரு கடை வைத்துக் கொடுத்ததும் நான். அந்தப் படத்தின் நாயகியையே அவருக்கு மனைவியாக்கியதும் நான்தான். முன்பின் தெரியாத ஒரு மனிதருக்குச் செய்த அநியாயம் என்று நீங்கள் நினைத்தால் மறுக்கமாட்டேன். ஆனால் அவரை வெறும் பார்வையாளராகவே விட்டிருந்தால் கதை அந்தக் குடையோடு முடிந்திருக்கும்.

(பெயர் வைத்த பிறகு 'அவர்' என்று எழுத எனக்கு வரவில்லை. இனி 'அவன்'. கோடு போட்ட சட்டைக்காரர் மன்னிக்கவும்.)

2

முதலில் இப்படி ஆரம்பித்தேன்:

'டேவிஸ் பொய் சொல்லத் தெரியாத மனிதன்.'

அடித்துவிட்டேன். பொய் சொல்லத் தெரியாதவன் என்று உலகத்தில் எவனும் கிடையாது. தவிர, இப்படி ஆரம்பிக்கிற கதையில் கடைசிப் பக்கத்தில் அவன் ஒரு பொய் சொல்லியே தீர வேண்டியிருக்கும். ஆரம்பத்திலேயே அவன் கையைக் கட்டிப்போட எனக்கு மனமில்லை.

இரண்டாவது:

'செலின் நாற்பது தாண்டிய பிறகுதான் முதன்முறையாகக் காதலித்தாள், அதுவும் காமிராவுக்கு முன்னால், அதுவும்'

இந்த வாக்கியம் எங்கே போகிறது என்று எனக்கே தெரியவில்லை. ஒரே வரியில் 'அதுவும்' இரண்டு முறை வந்தால் எழுதுகிறவன் வாசகரின் சட்டையைப் பிடித்து இழுக்கிறான் என்று அர்த்தம். போதாததற்கு, அவள் முதன்முறையாகக் காதலித்தாள் என்று எனக்கு யார் சொன்னது? விட்டுவிட்டேன்.

மூன்றாவதுதான் நின்றது.

டேவிஸ் தன் கடையில் எந்த மோட்டாரை விற்றாலும் முதலில் அதன் குறையைச் சொல்லிவிடுவான். "இது சத்தம் போடும்." "இதுக்கு சீல் சீக்கிரம் போகும், நீங்க என்னைத் திட்டுவீங்க." "இது தண்ணி நல்லா இழுக்கும், கரண்டையும் நல்லா இழுக்கும்." மஸ்கட்டில் சம்பாதித்து ஷொர்ணூர் ரோட்டில் அவன் போட்ட பம்புசெட் கடைக்குப் புதிதாக வருகிறவர்கள் முகம் சுளிப்பார்கள். பிறகு அதே மோட்டாரை வாங்கிக்கொண்டு போவார்கள். குறையைச் சொன்ன பிறகும் ஒரு பொருள் நின்றால்தான் அது பொருள் என்பது அவன் கணக்கு. வீட்டிலும் இதே வழக்கம்தான். மீன்கறியில் புளி கூடிவிட்டது என்று சொல்லிவிட்டு மறுபடியும் மறுபடியும் சோறு போட்டுக்கொள்வான். அவன் வாயில் குறை வந்தால் பொருள் அவனுக்குப் பிடித்துவிட்டது என்று அர்த்தம். செலின் இதைக் கல்யாணமான புதிதிலேயே புரிந்துகொண்டாள்.

* முதல் வரைவில் டேவிஸை ஒரு வங்கியில் தங்க மதிப்பீட்டாளனாக வைத்திருந்தேன். திருச்சூருக்கு அது பொருத்தமும்கூட. ஆனால் அவன் கையில் உரைகல்லைக் கொடுத்துவிட்டால் அடுத்த பக்கத்திலேயே அசல், போலி என்று ஏதாவது எழுதாமல் என்னால் இருக்க முடியாது. பம்புசெட்டை வைத்து யாரும் தத்துவம் பேசி நான் பார்த்ததில்லை.

3

இனி படம். அதையும் நானேதான் எடுக்க வேண்டியிருந்தது. செலவு அதிகம் ஆகவில்லை.

படத்தின் பெயர் 'வெறும் வயிற்றில்'. சுகுணன் என்று ஓர் ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர். மனைவி இல்லை, சர்க்கரை வியாதி உண்டு. மாதம் ஒருமுறை காலையில் வெறும் வயிற்றோடு ரத்தம் கொடுக்க ஒரு சின்ன லேபுக்கு வருகிறான். அங்கே ஊசி குத்துகிறவள் ஷைனி. குத்தி முடித்ததும் ஒரு பிஸ்கட் கொடுக்கிறாள். அந்தப் பிஸ்கட்டில் விழுந்துவிடுகிறான் மனிதன். மாதம் ஒருமுறை போதவில்லை. சர்க்கரை ஏறினால் டாக்டர் வாரம் ஒருமுறை வரச் சொல்வார் என்று யாருக்கும் தெரியாமல் ஜிலேபி தின்கிறான். அவள் ஒவ்வொரு முறையும் ரிசல்ட்டைப் பார்த்துவிட்டுத் திட்டுகிறாள். தியேட்டரில் இந்த இடத்துக்கெல்லாம் நல்ல சிரிப்பு.

இரண்டாம் பாதியில் மகன் அவனைத் தன்னோடு தோஹாவுக்குக் கூட்டிப் போக வருகிறான். அவள் நரம்பு தேடிக்கொண்டிருக்கும்போது சுகுணன் இதைச் சொல்கிறான். அவள் குத்துகிறாள், எடுக்கிறாள், பஞ்சை வைக்கிறாள், "கைய மடக்கி வச்சுக்குங்க, ரிசல்ட் சாயங்காலம்" என்கிறாள். அவன் போய்விடுகிறான். அவள் குப்பியில் அவன் பெயரை எழுதி ஒட்டிவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்து அழுகிறாள். அழகாக ஒரு சொட்டு விடும் அழுகை கிடையாது. வாய் திறந்து, மூக்கு ஒழுகி, தோள் குலுங்கி, பார்க்கிறவனுக்கு எங்கே பார்ப்பது என்று தெரியாத அழுகை. நடுவில் போன் அடிக்கிறது. எடுக்கிறாள். "லேப்தான். ஆமா, வெறும் வயித்துல வரணும். தண்ணி குடிக்கலாம்." குரலில் ஒரு சின்ன நடுக்கம்கூட இல்லை. வைத்துவிட்டு விட்ட இடத்திலிருந்து அழுகிறாள்.

கடைசியில் சுகுணன் திரும்பி வந்துவிடுகிறான். காதல் நகைச்சுவைப் படத்தில் வராமல் எங்கே போவான்?

ஷைனியாக நடித்தவள்தான் நம் செலின். பள்ளிக்கூடத்தில் மலையாளம் எடுக்கிறவள். பள்ளி ஆண்டுவிழாக்களுக்கும் சர்ச் திருநாள்களுக்கும் நாடகம் போட்டவள். சீரியல்களில் கதாநாயகனின் அக்காவாக வந்து காபி கொடுத்துவிட்டுப் போனவள். அபின் என்ற புது டைரக்டர் அவளை எங்கேயோ பார்த்துத் தேடி வந்தான். இத்தனை வருடம் கழித்து முதல் தடவையாகப் போஸ்டரில் அவள் முகம் பெரிதாக வந்தது. டேவிஸ் அந்தப் போஸ்டரைக் கடையில் ஒட்டிக்கொண்டான். ஒட்டிவிட்டு, "மூக்கு கொஞ்சம் பெருசா விழுந்துடுச்சு" என்றான்.

4

எங்கள் ஊரில் படம் வெளியாகும் நாளுக்கு ஒரு வழக்கம் உண்டு. எல்லோருக்கும் தெரியும், யாரும் வெளியே சொல்ல மாட்டார்கள். படத்தில் வேலை செய்தவர்களின் சொந்தபந்தம் எல்லாம் முதல் காட்சிக்கு வந்து, வெளியே வரும்போது யாரோ போல மைக்குக்கு முன்னால் நிற்கும். அபினும் வாட்ஸாப்பில் எல்லோருக்கும் சொல்லியிருந்தான்: உறவு என்று காட்டிக்கொள்ள வேண்டாம், 'குடும்பத்தோடு பார்க்கலாம்', 'மனசு நிறைஞ்சுது', இரண்டில் ஒன்று போதும்.

செலினின் சித்தி மகள் கிடைத்த மைக்கில் எல்லாம் மனசு நிறைந்தாள். சர்ச்சில் பாட்டுப் பாடும் ஜார்ஜேட்டன் குடும்பத்தோடு பார்க்கலாம் என்றார். அவருக்குக் கல்யாணமே ஆகவில்லை.

டேவிஸ் அந்தச் செய்தியைப் படித்திருந்தான். உறவு என்று காட்டிக்கொள்ளக்கூடாது என்பது மட்டும் மனதில் நின்றது. அதில் அவனுக்கு முழுச் சம்மதம். என் பெண்டாட்டிதான் ஹீரோயின் என்று மைக்கில் சொல்வது அற்பத்தனம் என்று நினைக்கிற ஆள். மற்றபடி, ஒரு பொருளைப் பற்றிக் கேட்டால் என்ன சொல்வது என்பதை அவனுக்கு யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை.

"சேட்டா, ஒரு நிமிஷம். படம் எப்படி?"

"நல்லா இருக்கு."

"ஹீரோயின்?"

"நல்லா பண்ணியிருக்கா... பண்ணியிருக்காங்க. ஊசி குத்துறதெல்லாம் கரெக்டா இருக்கு. அந்த அழுகை மட்டும் சரியில்ல."

"அய்யோ, எல்லாரும் அதத்தான் சூப்பருங்குறாங்க! ஏன் சேட்டா?"

"அந்த மாதிரிப் பொம்பளைங்க அப்படி அழ மாட்டாங்க, மோளே. கையக் கழுவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிடுவாங்க."

குடையை விரித்தான். போனான். ஒரு நல்ல மோட்டாரை விற்ற திருப்தி அவனுக்கு.

5

விமர்சனங்கள் வந்தன. வரிசையாகச் சொல்லிவிடுகிறேன்.

பத்திரிகையில் எழுதும் ஹேமந்த் வாரியர் எளிதில் எதையும் பாராட்டுகிறவர் இல்லை. அவர் எழுதினார்: 'படத்தின் திரைக்கதை நாம் பலமுறை நடந்த தெரு. ஆனால் அந்தத் தெருவில் ஒரு வீட்டின் கதவு திறந்திருக்கிறது. செலின் டேவிஸ் ஸ்டூலில் உட்கார்ந்து அழும் காட்சியில் நாம் பார்க்கக்கூடாத ஒன்றைப் பார்த்துவிட்டோம் என்ற கூச்சம் வருகிறது. நடிப்பு என்ற சொல்லை அங்கே பயன்படுத்த எனக்குத் தயக்கமாக இருக்கிறது.'

யூடியூபில் காரை நிறுத்திவிட்டு சீட்டில் உட்கார்ந்தபடியே பேசும் விமர்சகன் முதல் பாதி இழுவை என்றான், ஜிலேபிக் காமெடி பழசு என்றான், செலினைப் பற்றி வந்ததும் ஸ்டியரிங்கைத் தட்டி "இயல்பு, சுத்தமான இயல்பு" என்றான். ஷார்ஜாவிலிருந்து முகநூலில் நீள நீளமாக எழுதும் ஒருவர் படம் நடுத்தர வர்க்கப் பெண்ணின் உழைப்பை ரொமான்டிக்காக்குகிறது என்று கண்டித்துவிட்டு, அந்த அழுகைக்கு மட்டும் விலக்கு அளித்தார்.

எல்லோரும் ஒரே இடத்தில் கைவைத்தார்கள். அந்த இடத்தைத்தான் கோடு போட்ட சட்டைக்காரனும் சொல்லியிருந்தான். அதனால் அவனுடைய துண்டு வீடியோ பறந்தது. 'கூலி வாங்காத ஒரே மலையாளி' என்று தலைப்புப் போட்டு யாரோ ஏற்றிவிட்டார்கள். சொந்தக்காரர்களின் நிறைந்த மனசுகளுக்கு நடுவில் அவன் ஒருவன்தான் நிஜமாகத் தெரிந்தான்.

மறுநாளே அவன் யார் என்று தெரிந்துபோனது. 'பண்ணியிருக்கா' என்று ஆரம்பித்து 'பண்ணியிருக்காங்க' என்று திருத்திக்கொண்டதை ஒருவன் கவனித்தான். கடையில் போஸ்டருக்குப் பக்கத்தில் அதே சட்டையோடு அவன் நிற்கும் படத்தை இன்னொருவன் கண்டுபிடித்தான். பெங்களூரில் நர்சிங் படிக்கும் மகள் போன் செய்தாள்.

"பப்பா, நீங்க வைரல் ஆயிட்டீங்க."

"ஆஸ்பத்திரிக்குப் போகணுமா?"

"விளையாடாதீங்க. அம்மாகிட்ட பேசுனீங்களா?"

அவன் பேசியிருக்கவில்லை. செலினும் பேசவில்லை. சாயா வந்தது, சோறு வந்தது, துணி மடித்து வைக்கப்பட்டது. வழக்கமாகக் குறை கேட்டுச் சிரிப்பவள் இந்தக் குறையைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. டேவிஸுக்கு அது பயமாக இருந்தது.

6

இங்கே எனக்கு டேவிஸ் மேல் ஒரு சந்தேகம் வந்துவிட்டது. எழுதுவதை நிறுத்திவிட்டுக் கொஞ்சநாள் அவனை வேவு பார்த்தேன்.

அவனுக்குப் பொறாமையா? பெண்டாட்டி இன்னொருவனுக்காக அழுவதைப் பார்க்கப் பொறுக்கவில்லையா? அப்படி ஒரு பத்தி எழுதிப் பார்த்தேன். 'டேவிஸ் திரையில் சுகுணனைப் பார்த்தபோது அவன் நெஞ்சில்' என்பது வரை வந்தது. அதற்கு மேல் நெஞ்சில் எதுவும் இல்லை. சுகுணனாக நடித்தவருக்கு அறுபது வயது, தொந்தி, படப்பிடிப்பு முழுக்க செலினை 'டீச்சரே' என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார். கிளம்பும்போது டேவிஸ் கடையில் ஒரு மோட்டாரும் வாங்கினார். குறை கேட்ட பிறகுதான் வாங்கினார்.

அப்படியானால்? டேவிஸ் அதை நம்பினான் என்பதுதான் விஷயம். செலின் அழமாட்டாள். அவளுடைய அப்பன் செத்தபோது வாடகை நாற்காலிக்காரனோடு நின்று நாற்காலிகளைச் சரிபார்த்தவள் அவள். மகள் பெங்களூருக்குப் போனபோது ரயில் நகரும்வரை ஊறுகாய் பாட்டில் கவிழாமல் வைக்கச் சொல்லிக்கொண்டிருந்தவள். "என் பொண்டாட்டி ஒரு தடவ கூட கண்ணக் கசக்கினதில்ல" என்று அவன் கடையில் சொல்லும்போது அதில் ஒரு பெருமை இருக்கும். அவன் குறை சொல்லாத ஒரே விஷயம் அதுதான்.

ஆகவே அவன் மைக்கில் சொன்னது ஷைனியைப் பற்றி இல்லை. எனக்குத் தெரிந்தவள் இப்படி அழமாட்டாள் என்றுதான் அவன் சொன்னான். ஊரிலுள்ள விமர்சகர்கள் எல்லோரும் அதுதான் உண்மை என்கிறார்கள். இரண்டில் ஒன்று தப்பு. அவர்கள் தப்பென்றால் ஒரு படத்தைத் தப்பாகப் புரிந்துகொண்டார்கள், அதோடு போயிற்று. அவன் தப்பென்றால், ஒரு கல்யாணம் முழுக்க அவன் யார் பக்கத்தில் உட்கார்ந்து சோறு தின்றான்?

அவனை வேவு பார்ப்பதை விட்டுவிட முடிவுசெய்தேன். அவன் என்னைவிட நேர்மையானவன்.

7

அபின் வீட்டுக்கு வந்தான். செலின் பள்ளிக்கூடம் போயிருந்த நேரம் பார்த்துத்தான் வந்தான்.

"டேவிஸேட்டா, உங்க மேல எனக்குக் கோபமே இல்ல. ஆளுங்க வர்றாங்க, டிக்கெட் போகுது. உங்களுக்கு நான் நன்றிதான் சொல்லணும்."

"அப்போ சாயா குடி."

"ஆனா ஒண்ணு. நேத்து ஈவ்னிங் ஷோவுக்கு நானும் போயிருந்தேன். அந்த சீன் வருது. சேச்சி ஸ்டூல்ல உக்கார்றாங்க. அழ ஆரம்பிச்ச உடனே பின்னாலேருந்து ஒருத்தன் கத்துறான், 'டேவிஸேட்டோ, சரியா இருக்கா?' தியேட்டர் பூரா சிரிப்பு."

டேவிஸ் சாயாவைக் கீழே வைத்தான்.

"சிரிப்பு நிக்கல, சேட்டா. அவங்க மூக்க உறிஞ்சுறதுக்கு ஒரு சிரிப்பு. போன் எடுத்ததும் கைதட்டல். அங்க சிரிக்கக்கூடாது. அந்த ஒரு எடத்துல மட்டும் சிரிக்கக்கூடாதுன்னுதான் நான் மொத்தப் படத்தையும் சிரிக்கிற மாதிரி எடுத்தேன்."

"எல்லா ஊர்லயுமா?"

"கோழிக்கோட்டுல இருந்தும் போன் வந்துச்சு. எர்ணாகுளத்துலயும் இதேதான்."

"அவளுக்குத் தெரியுமா?"

"சேச்சி மூணாவது வரிசைல உக்காந்திருந்தாங்க."

டேவிஸின் சாயா ஆறிக்கொண்டிருந்தது. அபின் தன் போனை எடுத்துக் காட்டினான். டேவிஸ் சொல்ல வேண்டியதை அதில் எழுதியே கொண்டுவந்திருந்தான்: நான் அவளோட கணவன், வீட்டுல எப்பவும் கலாய்க்கிற மாதிரி கலாய்ச்சேன், நிஜமா அந்த சீன்ல நானும் அழுதுட்டேன்.

"நான் அழலையே" என்றான் டேவிஸ்.

"சும்மா சொல்லுங்க சேட்டா. உங்க ஒருத்தர் வாயால சொன்னாத்தான் அந்தச் சிரிப்பு நிக்கும்."

"யோசிச்சுச் சொல்றேன்."

* அபினைக் கெட்டவனாக எழுத ஒரு சபலம் இருந்தது. கறுப்புக் கண்ணாடி போட்டுவிட்டால் போதும், பாதி வேலை முடிந்தது. ஆனால் அந்தக் காட்சியை அவன் உயிரைக் கொடுத்து எடுத்தவன். அவனுக்கும் வயிறு எரியாதா?

8

இந்தப் பகுதியைப் பலமுறை எழுதினேன். ஒரு வரைவில் செலின் தட்டை வீசினாள். இன்னொன்றில் நீளமாகப் பேசினாள், நான்கு பக்கம், நல்ல பேச்சு, ஒரு வரிகூட அவளுடையது இல்லை. கடைசியில் சனிக்கிழமை காலை, பள்ளிக்கூடம் இல்லாத நாள், அவள் அடுப்பில் கப்பைக் கிழங்கை வேகவைத்துக்கொண்டிருக்கும்போது டேவிஸை உள்ளே அனுப்பினேன். வாசலில் நின்று கேட்டுக்கொண்டேன்.

"அபின் வந்தான்."

"தெரியும். சாயா கப்பு ரெண்டு இருந்துச்சு."

"மாத்திச் சொல்லச் சொல்றான்."

"சொல்லப் போறீங்களா?"

"நீ சொன்னா சொல்றேன்."

"பொய் சொல்ல வேணாம். நீங்க பொய் சொன்னா மூஞ்சியிலயே தெரியும். அதுக்கும் சேத்து சிரிப்பாங்க."

டேவிஸ் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றான். "எனக்குத் தோணுனதச் சொன்னேன், செலினே. தப்பா எதுவும்..."

"நீங்க குறை சொல்றது எனக்குப் புதுசா? போஸ்டர்ல மூக்கு பெருசுன்னீங்க, நான் சிரிக்கலையா?"

"அப்போ இதுக்கு மட்டும் ஏன் பேசாம இருக்கே?"

அவள் கப்பையைக் கரண்டியால் குத்திப் பார்த்தாள். இன்னும் வேகவில்லை.

"ஷூட்டிங்ல அபின் கிளிசரின் வச்சிருந்தான். வேணாம்னேன். சேச்சி, எப்படி அழுவீங்கன்னு கேட்டான். எனக்குத் தெரியும்டா, நீ காமிராவ வையின்னேன். ஒரே டேக்."

"எப்படித் தெரியும்?"

"நீங்க மஸ்கட்ல இருந்தப்போ லீவு முடிஞ்சு கிளம்புவீங்கல்ல. ஏர்போர்ட்டுக்கு வண்டி வரும். நான் என்ன பண்ணுவேன்?"

அவன் யோசித்தான். யோசிக்கத் தேவையே இல்லை, எல்லாம் நன்றாக நினைவிருந்தது. "பாஸ்போர்ட் எடுத்தீங்களான்னு கேப்பே. கைய ஆட்டுவே."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன? வண்டி கிளம்பிடும். நான் போயிடுவேன்."

"ம். அப்புறம்தான்."

அவள் அடுப்பின் தீயைக் குறைத்தாள்.

"போனதுக்கப்புறம் அழுறத நீங்க எப்படிப் பாத்திருப்பீங்க?" என்றாள் செலின். திட்டுகிற குரல் இல்லை அது. குழந்தைகளுக்குப் பாடம் சொல்லும் குரலும் இல்லை. "நடுவுல உங்க அம்மா கூப்பிடுவாங்க. என்னடீன்னு கேப்பாங்க. ஒண்ணுமில்லம்மா, இதோ வர்றேன்னு சொல்லுவேன். குரல் மாறாது. மாறாதபடிக்குப் பழகிட்டேன்."

"ஏன் என்கிட்ட சொல்லல?"

"சொன்னா நீங்க போவீங்களா?"

"போயிருக்க மாட்டேன்."

"அதான் சொல்லல. கடை வேணும்ல நமக்கு?"

* இங்கே ஒரு வரி நீக்கியிருக்கிறேன். டேவிஸ் அவளைத் தொட்டான் என்று எழுதியிருந்தேன். வாசலில் நின்ற எனக்கு அப்படித் தெரியவில்லை. அவன் கை கதவு நிலையிலேயே இருந்தது.

டேவிஸ் சொன்னான்: "மத்தியானக் காட்சிக்குப் போயிட்டு வர்றேன். இன்னொரு தடவ பாக்கணும்."

"பாத்துட்டு?"

"வாசல்ல கண்டிப்பாப் புடிப்பாங்க. தோணுறதச் சொல்றேன்."

"இப்பவும் சரியில்லன்னு தோணுனா?"

"அதையும்தான் சொல்லணும்."

"சரி" என்றாள். "ஹெல்மெட் எடுத்தீங்களா?"

எடுத்திருந்தான். அவள் வாசல்வரை வந்து கையை ஆட்டினாள். ஸ்கூட்டர் கிளம்பியது. அவள் கதவைச் சாத்தினாள்.

9

இனி முடிவு. என்னிடம் மூன்று இருக்கின்றன.

அ) டேவிஸ் இருட்டில் உட்கார்ந்து அந்தக் காட்சியைப் பார்க்கிறான். அழுதுவிடுகிறான். வெளியே அதே பெண், அதே மைக். "நான்தான் தப்பு, மோளே. அந்த அழுகைதான் படத்துலயே சரி" என்கிறான். அது பழைய வீடியோவைவிட வேகமாகப் பறக்கிறது. தியேட்டர்களில் சிரிப்பு நிற்கிறது. அபின் லட்டு கொண்டுவருகிறான். இது நல்ல முடிவுதான், உங்களில் பாதிப்பேருக்கு இதுவே போதும். எனக்கு நம்பிக்கை வரவில்லை. ஒரு கல்யாணம் முழுக்கத் தெரியாத ஒன்றை ஒரு மத்தியானக் காட்சியில் தெரிந்துகொள்ள முடியும் என்றால் டிக்கெட் விலை ரொம்பக் குறைவு.

ஆ) மறுபடியும் பார்க்கிறான். மறுபடியும் அவனுக்குச் சரியாகப் படவில்லை. அவள் சொன்னது எல்லாம் தெரிந்த பிறகும் திரையில் இருக்கிறவள் அவனுக்கு அந்நியமாகவே இருக்கிறாள். தெரிந்த பிறகு இன்னும் கூடுதலாக. அதை மைக்கில் சொல்கிறான். அன்று மாலை செலின் அந்த வீடியோவை முழுதும் பார்த்துவிட்டுப் போனை

வேண்டாம்.

இ) காட்சி வருகிறது. பின்வரிசையில் எவனோ "டேவிஸேட்டோ" என்று கத்துகிறான். டேவிஸ் எழுந்து நிற்கிறான், திரையின் வெளிச்சம் முகத்தில் விழுகிறது, "வாய மூடுங்கடா" என்கிறான். கொட்டகை அமைதியாகிறது. இதை எழுதி முடித்ததும் எனக்கே மயிர்க்கூச்செறிந்தது, உடனே கிழித்துவிட்டேன். நிஜத்தில் யாராவது எழுந்து நின்றால் பின்னால் இருப்பவன் உட்காரச் சொல்லித்தான் கத்துவான்.

நான்காவதாக ஒன்று யோசித்தேன். மத்தியானக் காட்சியில் கூட்டமே இல்லை. சிரிக்கவும் ஆளில்லை, வாசலில் மைக்கும் இல்லை. டேவிஸ் எதிரே சாயாக்கடைக்கு வருகிறான், பழம்பொரி கேட்கிறான். பக்கத்தில் நான் உட்கார்ந்திருக்கிறேன். அவனிடம் நானே கேட்கலாம். ஆனால் கேட்டால் நானும் ஒரு மைக்தானே?

10

இத்தனையையும் அடித்துத் திருத்திப் பார்த்த பிறகுதான் ஒன்று தெரிந்தது. நான்கிலும் நான் தியேட்டர் பக்கமே நிற்கிறேன். ஸ்கூட்டர் கிளம்பியதும் யோசிக்காமல் அதன் பின்னாலேயே வந்துவிட்டேன். கதையின் முதல் வரியிலிருந்து அவன் போன இடத்துக்கெல்லாம் போனேன். கடைக்கு, மைக்குக்கு, அவன் நெஞ்சுக்குள்கூட ஒருமுறை எட்டிப் பார்த்தேன். அவன் இல்லாத அறையில் ஒரு வரிகூட எழுதவில்லை. கதவு சாத்தியபோது நானும் வெளியேதான் இருந்தேன். இதில் எனக்கு வெட்கம் உண்டு.

திரும்பிப் போய்க் கதவைத் தட்டலாம். தட்டினால் அவள் திறப்பாள். முகம் கழுவியிருப்பாள், "அவர் இல்லையே, படத்துக்குப் போயிருக்காரு" என்பாள், குரல் மாறாது. தட்டாமல் இங்கிருந்தே எழுதவும் செய்யலாம். அவள் அழுதாள் என்று எழுதினால் ஹேமந்த் வாரியர் ஜெயித்தார். கையைக் கழுவிவிட்டு அடுத்த வேலையைப் பார்த்தாள் என்று எழுதினால் டேவிஸ் ஜெயித்தான். இரண்டுமே எனக்குத் தெரியாது, தெரிந்ததுபோல எழுத இந்த ஒருமுறை எனக்குக் கை வரவில்லை.

நீங்கள் மட்டும் என்னோடு கிளம்பி வரவில்லை என்று நினைக்கிறேன். எட்டாம் பகுதியில் உட்கார்ந்த இடத்திலேயே இருக்கிறீர்கள். ஸ்கூட்டர் சத்தம் தெருமுனை திரும்பிக் குறைகிறது. கதவைச் சாத்தியவள் சமையலறைக்குத் திரும்பி வருகிறாள். அடுப்பை அணைக்கிறாள். நீங்கள் அங்கே இருப்பது அவளுக்குத் தெரியாது.

இருங்கள். எதைப் பார்த்தாலும் யாரிடமும் சொல்ல வேண்டாம். என்னிடமும்.